ஈரோடு கிழக்கில் நோட்டாவை அழுத்தினேன். கோழைத்தனமா?

மஞ்சள்மண்டி (பிப்ரவரி 9, 2025, இரவு 8.10)

நேற்று எங்கள் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தல் முடிவு வந்தது. திமுகவுக்கு 1,15,709. நாம் தமிழருக்கு 24,151. நோட்டாவுக்கு 6,109. அந்த 6,109-ல் ஒன்று நான் போட்டது.

2023 இடைத்தேர்தலில் இதே தொகுதியில் நோட்டா ஆயிரத்தைக் கூடத் தொடவில்லை. இந்தமுறை அதிமுக, பாஜக, தேமுதிக எல்லாம் தேர்தலைப் புறக்கணித்துவிட்டன. இயந்திரத்தில் 46 பேர் இருந்தும், 'ஆளுங்கட்சி மேல் கோபம், அதனால் அந்தப் பக்கம் போடுகிறேன்' என்பதற்கு அந்தப் பக்கமே இல்லை. ஆனால் என் கதை அதுவல்ல. அதிமுக நின்றிருந்தாலும் நான் நோட்டாதான் போட்டிருப்பேன். அதைச் சொல்லத்தான் இந்த இழை.

எங்கள் அப்பா உதயசூரியன். அம்மாவின் தம்பி, என் மாமா, இரட்டை இலை. சின்ன வயதில் தேர்தல் வந்தால் இருவரும் ஒருவர் வீட்டில் ஒருவர் காபி குடிக்க மாட்டார்கள். முடிவு வந்த மறுநாள் ஜெயித்தவர் தோற்றவர் வீட்டுக்குக் கோழி வாங்கிக்கொண்டு போவார். இப்போது நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. தோற்பதற்காவது அவர்களுக்கு ஒரு பக்கம் இருந்தது.

என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இட ஒதுக்கீடு, இருமொழி, மாநில உரிமை, பள்ளிக்கூடத்தில் சோறு, இதிலெல்லாம் எனக்கு மறுபேச்சு இல்லை. காலைச் சிற்றுண்டி வந்த பிறகு மண்டியில் மஞ்சள் புடைக்கிற பெண்களுக்கு விடியற்காலை எவ்வளவு இலகுவாகிவிட்டது என்று கண்ணால் பார்க்கிறேன். ஆனால் அப்பா, மகன், பேரன் என்று வரிசை வைப்பதை என்னால் கைதட்டி வரவேற்க முடியவில்லை. கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் சாராயம் குடித்துச் செத்தார்கள். வேங்கைவயலில் தலித் மக்களின் தண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்து இரண்டு வருடம் கழித்து, போன மாதம் குற்றப்பத்திரிகை வந்தது. யார் மேல்? அதே தெருவைச் சேர்ந்த மூன்று பேர் மேல். கூட்டணியில் இருக்கும் விசிகவே சிபிஐ விசாரணை கேட்கிறது.

சரி, அந்தப் பக்கம் போகலாமா? தூத்துக்குடியில் 13 பேர் சுடப்பட்டதை டிவியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாகச் சொன்ன முதல்வர் அங்கே. பாஜக எனக்கு ஆகாது. நாம் தமிழர் 'யார் தமிழன்' என்று ஆரம்பித்தால், வீட்டுக்குள் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற எங்கள் தெருவில் பாதிப் பேரை எங்கே அனுப்புவது? விஜய் கட்சி இன்னும் ஒரு தேர்தலையும் பார்க்கவில்லை.

42 வயதில் எனக்குச் சின்னம் இல்லை, அரசியலில் வீடில்லாதவன் நான். அப்பா இதைக் கோழைத்தனம் என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?


சிந்தாதிரிப்பேட்டை (இரவு 8.52)

தம்பி, உங்கள் பதிவை நீங்களே ஒருமுறை திரும்பப் படியுங்கள். சமையல் பிடித்திருக்கிறது, சமையல்காரரைப் பிடிக்கவில்லை, அதனால் பட்டினி கிடக்கிறேன் என்கிறீர்கள். நீங்கள் பட்டினி கிடந்தால் பரவாயில்லை, உங்களுக்கு மண்டி இருக்கிறது. அந்தச் சிற்றுண்டி சாப்பிடும் குழந்தைக்கு நோட்டா கிடையாது.

வீடில்லாதவன் என்ற பேச்சே எனக்குப் புரியவில்லை. தமிழ்நாட்டு வாக்காளன்தான் வீட்டுக்காரன். இரண்டு பேரைக் குடிவைத்து மாற்றி மாற்றிக் காலி செய்யவைத்துக்கொண்டிருக்கிறான். 1991-ல் திமுகவுக்கு எத்தனை இடம் தெரியுமா? இரண்டு. 1996-ல் அதிமுகவுக்கு நான்கு, பர்கூரில் ஜெயலலிதாவே தோற்றார். இவ்வளவு கொடூரமாக அடிக்கத் தெரிந்த வாக்காளனுக்கு மூன்றாவது தடி எதற்கு?

அப்புறம் இன்னொன்று. இரண்டு கட்சிகளும் ஒன்றையொன்று முந்தப் பார்த்ததால்தான் உங்களுக்குப் பிடித்த பட்டியலே உருவானது. காமராசர் மதிய உணவு போட்டார், எம்ஜிஆர் 1982-ல் சத்துணவாகப் பெருக்கினார், கலைஞர் முட்டை வைத்தார், இப்போது காலையிலும் போடுகிறார்கள். 69 சதவீத இட ஒதுக்கீட்டுக்கு ஒன்பதாவது அட்டவணைப் பாதுகாப்பு வாங்கியது யார் ஆட்சி? ஜெயலலிதா ஆட்சி. நான் கறுப்பு சிவப்பு, இருந்தும் சொல்கிறேன்.


மைக் சின்னம் (இரவு 9.05)

ஐயாவே ஒப்புக்கொண்டுவிட்டார், இரண்டும் ஒரே சமையல் என்று. நன்றி.


தறிக்காரி (இரவு 9.31)

நான் குமாரபாளையம். இரட்டை இலை. எங்கள் கட்சி ஏன் நிற்கவில்லை என்று எல்லோரும் கிண்டல் செய்வதால் சொல்கிறேன். 2023-ல் ஈரோடு கிழக்கில் வாக்காளர்களை ஷெட்டில் அடைத்துவைத்து பிரியாணி போட்டார்கள் என்று எங்கள் கட்சி புகார் மேல் புகார் கொடுத்தது. என்ன ஆயிற்று? 66,000 வாக்கு வித்தியாசத்தில் தோற்றோம். ஆளுங்கட்சி மொத்தமும் ஒரு தொகுதியில் வந்து உட்கார்ந்தால் அது தேர்தலே இல்லை. புறக்கணித்ததில் என்ன தப்பு?


சிந்தாதிரிப்பேட்டை (இரவு 9.40)

தப்பில்லை சகோதரி, விக்கிரவாண்டி இடைத்தேர்தலைப் புறக்கணித்ததற்கு அப்புறம் இது வழக்கமாகிவிட்டது, அவ்வளவுதான்.


எண்கணக்கு (இரவு 9.58)

இருவருக்கும் ஞாபகப்படுத்துகிறேன். 2015-ல் ஆர்.கே.நகரில் ஜெயலலிதா நின்றபோது திமுக புறக்கணித்தது. 2012 புதுக்கோட்டையிலும் அப்படியே. எதிர்க்கட்சியாக இருக்கும்போது இடைத்தேர்தல் அநியாயமாகவும், ஆளுங்கட்சியாக இருக்கும்போது மக்கள் தீர்ப்பாகவும் தெரிவது இரண்டு கழகங்களுக்கும் பொதுவான கண்கோளாறு.

மஞ்சள்மண்டி, உங்கள் தொகுதிக் கணக்கைக் கொஞ்சம் கிண்டிப் பார்த்தேன். 2023-ல் கை 1,10,156, இரட்டை இலை 43,923, நாம் தமிழர் 10,827. இந்த வருடம் இரட்டை இலை இல்லை. நாம் தமிழருக்கு 13,000 கூடியிருக்கிறது, ஆளும் கூட்டணிக்கு 5,500, நோட்டாவுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு. எல்லாம் இரட்டை இலை வாக்குதான் என்று வைத்துக்கொண்டாலும் 24,000. மீதி 20,000 பேர்? வாக்குப்பதிவும் குறைந்திருக்கிறது. வீட்டிலேயே இருந்துவிட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. அவர்களைப் பற்றி யாரும் இழை ஆரம்பிக்கவில்லை.

சிந்தாதிரிப்பேட்டை ஐயாவின் 'வீட்டுக்காரன்' உவமை அழகு. ஆனால் கணக்கு உதைக்கிறது. போன வருட மக்களவைத் தேர்தலை எடுங்கள். திமுக கூட்டணிக்குச் சுமார் 47 சதவீதம், தமிழ்நாட்டின் 39 இடமும் அவர்களுக்கே. மீதி 53 சதவீதம் பேர் போட்ட வாக்குக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஒரு எம்.பி. கூட இல்லை. பாதிக்கும் மேற்பட்ட பங்குதாரர்களுக்குப் பத்திரத்தில் பெயரே இல்லாத வீடு அது.

மூன்றாவது கட்சிகள் தலைவரின் குணத்தால் மட்டும் சாவதில்லை. 2006-ல் தேமுதிக தனியாக நின்று எட்டு சதவீதத்துக்கு மேல் வாங்கியது, கிடைத்தது விருத்தாசலம் ஒன்றுதான். போதாது என்று 2011-ல் அதிமுகவோடு சேர்ந்து 29 வாங்கி எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார் விஜயகாந்த். அங்கே சண்டை வந்தது. 2016-ல் மக்கள் நலக் கூட்டணி, இடம் பூஜ்யம். 2021-ல் அரை சதவீதம் கூட இல்லை. தனியாக நின்றால் இடம் இல்லை, சேர்ந்து நின்றால் அடையாளம் இல்லை. ஒரு வாக்கு அதிகமாக வாங்கியவன் மொத்தமும் எடுத்துக்கொள்கிற முறையில் இதுதான் நடக்கும். மோரிஸ் துவெர்ஜே என்ற பிரெஞ்சுக்காரர் 1950-களிலேயே எழுதிவைத்துவிட்டார்.


மைக் சின்னம் (இரவு 10.20)

நாங்கள் யாரோடும் சேரவில்லையே? 2016-ல் ஒரு சதவீதம், 2019-ல் நான்கு, 2021-ல் ஏறக்குறைய ஏழு, 2024-ல் எட்டைத் தாண்டி மாநிலக் கட்சி அங்கீகாரம். கரும்பு விவசாயி சின்னம் கைவிட்டுப் போய், தேர்தலுக்குச் சில வாரம் முன்னால் மைக்கைக் கொடுத்தார்கள். அதிலும் வளர்ந்தோம். வேட்பாளர்களில் சரிபாதி பெண்கள். எந்தக் கழகம் செய்தது?

மஞ்சள்மண்டி அண்ணா, உங்களுக்கு மாற்று இல்லை என்பது பொய். மாற்று இருக்கிறது, அதைத் தொட உங்களுக்குக் கூச்சம். அதனால் நோட்டா.


மஞ்சள்மண்டி (இரவு 10.47)

கூச்சம் இல்லை தம்பி, பயம். போன மாதம் உங்கள் தலைவர் சீமான் பெரியாரை விமர்சித்துப் பேசினார். எந்த ஊரில் ஓட்டுக் கேட்க வருகிறோம் என்று கூட யோசிக்கவில்லை. பெரியார் பிறந்த ஊரில் 24,151 வாங்கியது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. டெபாசிட் போனதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எண்கணக்கு சொன்ன தேமுதிக கதையின் ஈரோட்டுப் பகுதியை நான் சொல்கிறேன், சிரிப்பாக இருக்கும். 2011-ல் இங்கே தேமுதிக சார்பில் ஜெயித்தவர் சந்திரகுமார். யாரைத் தோற்கடித்தார்? திமுகவின் முத்துசாமியை. முத்துசாமி யார்? எம்ஜிஆர் காலத்து அதிமுக அமைச்சர், அதற்கு ஒரு வருடம் முன்னால்தான் திமுகவுக்கு வந்தவர். அப்புறம் சந்திரகுமார் தேமுதிகவை உடைத்துக்கொண்டு வந்து 2016-ல் இதே தொகுதியில் உதயசூரியனில் நின்று தோற்றார். நேற்று உதயசூரியனில் ஜெயித்திருப்பவரும் அவரேதான். 2011-ல் நான் அவருக்கு ஓட்டுப் போட்டவன். 'இரண்டும் வேண்டாம்' என்று கொட்டு முரசில் அழுத்தினேன். 14 வருடம் சுற்றி அதே முகம் இன்னொரு சின்னத்தோடு வாசலில் நின்று கும்பிடுகிறது.

முத்துசாமி இப்போது வீட்டு வசதித் துறை அமைச்சர். என்னைப் போல வீடில்லாதவர்கள் மனுக் கொடுக்க வேண்டியது அவரிடம்தான்.


தறிக்காரி (இரவு 11.02)

:) உங்கள் மாவட்டம் மட்டுமா? ரகுபதி, ராஜகண்ணப்பன், எ.வ.வேலு, சாத்தூர் ராமச்சந்திரன், சேகர்பாபு, செந்தில்பாலாஜி. எங்கள் வீட்டுப் பாத்திரமெல்லாம் அந்த வீட்டு அலமாரியில் இருக்கிறது.


சிந்தாதிரிப்பேட்டை (பிப்ரவரி 10, காலை 6.15)

தேய்த்துக் கழுவித்தான் அடுக்கியிருக்கிறோம் சகோதரி.


முன்னாள் வாத்தியார் (காலை 7.40)

முப்பது வருட ஆசிரியர் வேலையில் பத்துப் பதினைந்து தேர்தலுக்குப் பணி பார்த்திருக்கிறேன். நோட்டா வருவதற்கு முன்பு 49-ஓ என்று ஒரு விதி இருந்தது பலருக்கு மறந்திருக்கும். 2009-ல் என் வாக்குச்சாவடிக்கு ஒரு பையன் வந்தான். கையெழுத்துப் போட்டு, மையும் வைத்த பிறகு, 'யாருக்கும் போட விருப்பமில்லை, 49-ஓ' என்றான். 17ஏ என்ற வாக்காளர் பதிவேட்டில் அதைக் குறித்து, பக்கத்தில் அவனிடம் மறுபடியும் கையெழுத்து வாங்க வேண்டும். நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே இரண்டு கட்சி ஏஜெண்டும் நாற்காலியைத் திருப்பி அவன் முகத்தைப் பார்த்தார்கள். அன்று அந்த இருவருக்கும் ஒரே முகம். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்திருக்கும். இந்த ரகசியம் கெடுகிற விஷயத்தைத்தான் உச்ச நீதிமன்றம் 2013 செப்டம்பரில் கண்டித்து நோட்டாவைக் கொண்டுவரச் சொன்னது. எனவே அந்தப் பொத்தானைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அதற்குப் பல் கிடையாது. நோட்டா முதலிடம் வந்தாலும் அடுத்த ஆள் எம்.எல்.ஏ.

என் கதையையும் சொல்கிறேன். 2003 ஏப்ரலுக்குப் பிறகு வேலைக்கு வந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது என்றாக்கியது ஜெயலலிதா ஆட்சி. அதே வருடம் வேலைநிறுத்தம் செய்ததற்காக லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களை ஒரே அடியில் வேலையை விட்டு எடுத்தார்கள். மறு வருடம் மக்களவைத் தேர்தலில் அதிமுகவுக்குப் பூஜ்யம், அதில் எங்கள் பங்கு உண்டு. திமுக 2021-ல் பழைய ஓய்வூதியம் திரும்ப வரும் என்று வாக்குறுதி கொடுத்தது. நான் தப்பித்தேன், என் மகளும் ஆசிரியை, அவளுக்கு இன்னும் வரவில்லை. 'அடுத்தமுறை யாருக்கு?' என்று கேட்டேன். 'எடுத்தவர்களுக்கா போடுவேன்?' என்றாள். இதைத்தான் நான் அடகு ஓட்டு என்பேன். எங்கள் நகை மீட்கப்படாது என்று அடகுக்கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும்.


சிந்தாதிரிப்பேட்டை (காலை 9.20)

வாத்தியார் ஐயா சொல்வது வலிக்கிற உண்மை. இரண்டு நிமிடம் யோசித்துத்தான் எழுதுகிறேன். ஆனால் உங்கள் மகள் எடுத்த முடிவுதான் அரசியல். தனக்கு வர வேண்டியதில் ஒன்று வரவில்லை என்று மொத்தத்தையும் தூக்கிப்போடவில்லை.

1967-க்கு முன்னால் காங்கிரசுக்கு எதிரே அண்ணா நின்றபோது, அந்தக் கூட்டணியில் யார் இருந்தார்கள்? ராஜாஜி. 1938-ல் இந்திக்காகவும் 1953-ல் குலக்கல்விக்காகவும் யாரை எதிர்த்தார்களோ அவரே. அன்று நோட்டா இருந்து, 'ராஜாஜியோடு சேர்ந்த கட்சிக்கு நான் போட மாட்டேன்' என்று கொள்கைக்காரர்கள் எல்லாம் அதை அழுத்தியிருந்தால் 1967 வந்திருக்காது. அரசியல் என்பது கூட்டுக் குடும்பம். பிடிக்காத பெரியப்பா கூடத்தில் உட்கார்ந்துதான் இருப்பார்.


எண்கணக்கு (காலை 9.44)

அந்தத் தேர்தலில் எதிர்ப்பக்கம், காமராசரோடு, இருந்தவர் பெரியார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈரோட்டுக்காரர்கள் கட்சி மாறாமல் நிற்பதில் கில்லாடிகள் என்று யார் சொன்னது.


வடமராட்சியான் (காலை 11.30)

நான் யாழ்ப்பாணம். உங்கட சண்டையை நேற்றிரவில இருந்து வாசிக்கிறேன். உங்களுக்கு வீடு என்பது உவமை. எங்களுக்கு வீடு என்பது சின்னம், தமிழரசுக் கட்சியின் சின்னம். அப்பம்மா கண் தெரியாத வயதிலும் 'வீடு எங்க இருக்கு, விரலை வைச்சு விடு' என்று கேட்டுப் புள்ளடி போட்டவ. அப்படிப்பட்ட வீட்டை விட்டுவிட்டுப் போன நவம்பரில் நான் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிக்குப் போட்டேன். யாழ் மாவட்டத்தில் ஆறு ஆசனத்தில் மூன்று அவர்களுக்கு. தெற்கிலிருந்து வந்த கட்சி இங்கே முதலிடம் வந்ததை எங்கட ஊர்ப் பெரியவர்கள் இன்னும் நம்பவில்லை. மட்டக்களப்பில் வீடு நின்றுபிடித்தது.

எண்கணக்கு அண்ணைக்கு ஒரு தகவல். அந்தக் கட்சித் தலைவர் அநுர குமார 2019 ஜனாதிபதித் தேர்தலில் எடுத்தது மூன்று வீதம்தான். 2024-ல் 42 வீதம், அப்பவும் பாதி இல்லை என்று இரண்டாம் விருப்பு வாக்கு எண்ணினார்கள், இலங்கையில் முதல் தடவை. பாராளுமன்றத்தில் 3 ஆசனமாக இருந்தது 159 ஆனது. ஆகவே மூன்றாவது கட்சி வரவே வராது என்று ஒருவரும் சொல்ல ஏலாது.

ஆனால் ஆசைப்படாதீர்கள். அது வந்தது 2022-க்குப் பிறகு. பெற்றோல் வரிசையில் இரவு படுத்து, மண்ணெண்ணெய்க்கு அடிபட்டு, மருந்தில்லாமல் ஆட்கள் செத்து, நாடு வங்குரோத்து ஆன பிறகு. இரண்டு பழைய வீடும் எரிந்த பிறகுதான் சனம் வெளியில் வந்தது. அதோட, நான் போட்ட கட்சி தமிழ் ஆட்களின் கேள்விகளுக்கு என்ன பதில் சொல்லப் போகிறது என்றும் எனக்குத் தெரியாது. சின்னம் கிடைத்துவிட்டது, நிம்மதி கிடைக்கவில்லை.


மைக் சின்னம் (காலை 11.48)

தமிழரசுக் கட்சியை விட்டுச் சிங்களக் கட்சிக்குப் போட்டதைப் பெருமையாகச் சொல்கிறீர்களே அண்ணா. போனவர்களின் ஆன்மா


வடமராட்சியான் (காலை 11.55)

தம்பி, போனவர்கள் எங்கட வீட்டு ஆட்கள். அவர்களைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வம்.


மட்டுறுத்துநர் (பகல் 12.10)

இதைத் தொடர்ந்து வந்த நான்கு பதிவுகள் நீக்கப்பட்டன. தலைப்பு ஈரோடு கிழக்கு.


மஞ்சள்மண்டி (மாலை 7.25)

மண்டியில் இன்று வரத்து அதிகம், இப்போதுதான் உட்கார்ந்தேன். வடமராட்சியான், உங்கள் அப்பம்மா கதைக்கு நன்றி.

வாத்தியார் ஐயா சொன்ன அடகுக்கடைதான் நேற்று எனக்குச் சொல்லத் தெரியாமல் இருந்தது. நான் புது வீடு கேட்கவில்லை. வீட்டை விட்டுப் போகக்கூடியவன் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அப்பா ஓட்டு எங்கே விழும் என்று வட்டச் செயலாளருக்குத் தெரியும், அதனால் எங்கள் தெருச் சாக்கடைக்கு 11 வருடமாக மூடி இல்லை. எதிர்த் தெரு எப்போது எங்கே சாயும் என்று தெரியாத தெரு. அங்கே தேர்தலுக்குத் தேர்தல் தார் போடுகிறார்கள்.

சிந்தாதிரிப்பேட்டை ஐயா, 1967 உதாரணம் நல்ல அடி. ஆனால் அன்று அண்ணாவுக்குப் போட்டவர்கள் 'எங்களை விட்டால் உனக்கு யார்' என்ற கட்சிக்குப் போடவில்லை, அப்படிச் சொன்ன கட்சிக்கு எதிராகத்தான் போட்டார்கள்.

இந்தமுறை வீட்டுக்குக் கவர் வந்ததையும் ஒளிக்காமல் சொல்கிறேன். எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை. அம்மா வாங்கி வைத்துவிட்டாள். நான் நோட்டா போட்டேன் என்றதும் அவளுக்கு ஒரே கவலை, 'வாங்கிட்டுப் போடாம இருக்கறது பாவமில்லையா?'


எண்கணக்கு (இரவு 8.03)

உங்கள் சாக்கடைக் கோட்பாட்டை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் இடம் தப்பு. 91,558 வித்தியாசத்தில் ஜெயித்தவர் 6,109-ஐப் பார்த்துப் பயப்பட மாட்டார். விட்டுப் போகக்கூடியவர்கள் என்று காட்ட வேண்டிய இடம் நெருக்கமான தொகுதி. 2016-ல் ராதாபுரம் 49 வாக்கில் முடிந்தது. 2021-ல் தியாகராய நகர் 137. அங்கேதான் ஒவ்வொரு கோபத்துக்கும் விலை உண்டு. உங்கள் நோட்டா ஒரு நல்ல கடிதம், முகவரிதான் தப்பு.


தறிக்காரி (இரவு 8.40)

கணக்கெல்லாம் சரி தம்பி. நான் ஒன்று சொல்கிறேன், யாரும் சிரிக்கக் கூடாது.

நேற்று நான் கட்சிக்காகப் பேசினேன். ஆனால் 2016 டிசம்பர் 5-ல் ஜெயலலிதா அம்மா போனதற்கு அப்புறம் நான் போட்ட ஓட்டு எதிலும் எனக்கு ருசி இல்லை. 1992-ல் மகளிர் காவல் நிலையம் வந்த புதிதில் என் அக்கா புருஷன் அடித்ததற்கு அங்கே போய்தான் புகார் கொடுத்தோம். ஸ்டேஷன் முழுக்கப் பொம்பளைகள். அக்கா முதல்முறையாக வாய் திறந்து அழுதாள். அதனால் அந்த அம்மா என்ன செய்தாலும், வளர்ப்பு மகன் கல்யாணம், ஜெயில், எல்லாவற்றையும் பார்த்த பிறகும், விரல் இலைக்குத்தான் போனது. இப்போது விரல் போகிறது, மனசு போகவில்லை. யார் பொதுச்செயலாளர் என்று கோர்ட் சொல்லித் தெரிந்துகொள்கிற நிலை. அதனால் சின்னம் இருந்தும் வீடில்லாமல் இருக்கலாம் தம்பி. உங்களுக்காவது ஒரு பொத்தான் இருந்தது. என்னால் அதையும் அழுத்த முடியாது. அழுத்தினால் அக்காவுக்குத் துரோகம் மாதிரி இருக்கிறது.


சிந்தாதிரிப்பேட்டை (இரவு 8.58)

சகோதரி, இதில் சிரிக்க ஒன்றுமில்லை.


ஊராட்சி வார்டு 4 (இரவு 9.15)

உள்ளே வரலாமா. நான் 2019 டிசம்பர் தேர்தலில் ஜெயித்து ஐந்து வருடம் வார்டு உறுப்பினராக இருந்தவள். ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி, கத்தரிக்கோல், இந்த மாதிரிதான். சின்னம் இல்லை என்று புலம்புகிறவர்கள் எல்லாம் அங்கே வாருங்களேன். எங்கள் ஊரில் தலைவர் ஒரு கட்சி, துணைத் தலைவர் இன்னொரு கட்சி என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் குழாய் உடைந்தால் இருவரும்தான் வந்து நிற்க வேண்டும். மஞ்சள்மண்டி அண்ணன் சாக்கடை மூடிக்காக எம்.எல்.ஏ. ஓட்டை வீணாக்கியதற்குக் கவுன்சிலரைப் பிடித்திருக்கலாம்.


எண்கணக்கு (இரவு 9.22)

இப்போது அந்தப் பதவியில் யார் இருக்கிறார்கள் சகோதரி?


ஊராட்சி வார்டு 4 (இரவு 9.30)

ஜனவரி 5-ஓடு எங்கள் பதவிக் காலம் முடிந்தது. 28 மாவட்டத்திலும் தனி அலுவலர்தான். தேர்தல் எப்போது என்று சொல்லவில்லை. ஆமாம், என் வாதத்தில் அது ஓட்டைதான், ஒத்துக்கொள்கிறேன்.


மஞ்சள்மண்டி (இரவு 9.41)

கவுன்சிலரையும் பிடித்துப் பார்த்தேன் சகோதரி. 'உங்க அப்பா நம்ம ஆளு, அவர் கோவிச்சுக்க மாட்டார்' என்றார்.


தறிக்காரி (இரவு 9.50)

தம்பி, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். உங்கள் மாமா என்ன செய்தார்? இரட்டை இலை இல்லையே.


மஞ்சள்மண்டி (இரவு 10.14)

எண்கணக்கு தேடிய அந்த 20,000 பேரில் ஒருவர். போகவே இல்லை. 1977-க்கு அப்புறம் ஓட்டுப் போடாத முதல் தேர்தல் என்றார். காலையில் குளித்து வேட்டி கட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தாராம். பதினொரு மணிக்கு அப்பா வண்டியில் போய் 'வா மாப்ள, சும்மா வந்து கையில மை வெச்சுக்க' என்று கூப்பிட்டிருக்கிறார். மாமா வரவில்லை. இருவரும் காபி குடித்தார்கள் என்று அத்தை சொன்னாள். தேர்தல் நாளில் அந்த வீட்டில் அப்பா காபி குடித்தது இதுதான் முதல்முறை.

பூத் சிலிப்பை மாமா கிழிக்கவில்லை. எம்ஜிஆர் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார்.